சத்தியும் சதையியும்

கொழும்பில் ஒரு பிள்ளை சத்தியெடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால், வீட்டாருக்கு உடனே நினைவுக்கு வரும் காரணங்கள் சிலதான். முதல்நாள் இரவு கடையில் வாங்கிய கொத்துரொட்டி. பூச்சி. வாய்வு. மழைக்காலமென்றால் டெங்கு. ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுப்பார்கள், ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள், காய்ச்சலும் இருந்தால் இரத்தம் சோதிக்கக் கூட்டிக்கொண்டு ஓடுவார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியல் போதும். வலிப்புக்காக சோடியம் வால்ப்ரோயேட் குடித்துவரும் பிள்ளைக்கு மட்டும் போதாது. அந்தப் பிள்ளையின் பட்டியலில் சதையி அழற்சி என்ற பெயரும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு நூல்கள் கணையம் என்று சொல்லும் உறுப்பைத்தான் இலங்கைப் பாடநூல்கள் சதையி என்கின்றன.

அது அரிதாக வருவது. வால்ப்ரோயேட் குடிக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது வரவே வராது. ஆனாலும் அமெரிக்க மருந்துச் சிட்டையில் தடித்த கட்டமிட்டு எச்சரிக்கும் அளவுக்கு அது கொடியது. முன்கூட்டிய இரத்தப் பரிசோதனை எதற்கும் அகப்படாதது. அதை முதலில் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் ஆய்வுகூடத்தில் இல்லை, பிள்ளைக்குச் சோறூட்டும் இடத்தில் இருக்கிறார். ஏன் அப்படி என்பதைத்தான் இந்த அத்தியாயம் பார்க்கப்போகிறது.

கரைப்பானாக இருந்த மருந்து

அமெரிக்க வேதியியலாளர் பெவர்லி பர்ட்டன் 1882இல் வால்ப்ரோயேட்டின் அமில வடிவமான வால்ப்ரோயிக் அமிலத்தை உருவாக்கினார். வலேரியன் செடியிலிருந்து கிடைக்கும் வலெரிக் அமிலத்துக்கு இது நெருங்கிய உறவு. எட்டுக் காபன் அணுக்கள் மட்டுமே கொண்ட, கிளைவிட்ட சிறிய கொழுப்பமிலம். அறை வெப்பநிலையில் தெளிந்த திரவமாக இருக்கும். அதற்கு எந்த மருத்துவக் குணமும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. தண்ணீரில் கரையாத பொருட்களைக் கரைக்கப் பயன்படும் கரைப்பானாகவே எண்பது ஆண்டுகள் ஆய்வுகூட அலுமாரிகளில் கிடந்தது.

1962இல் பிரான்சில் பியர் ஐமார் என்ற ஆய்வு மாணவர் கெல்லின் என்ற தாவரப் பொருளிலிருந்து பல புதிய சேர்மங்களை உருவாக்கி வைத்திருந்தார். அவை லேசில் கரையவில்லை. கிரனோபிளில் இருந்த பெர்த்தியே ஆய்வுகூடத்தில் வழக்கமாகப் பயன்பட்ட கரைப்பானான வால்ப்ரோயிக் அமிலத்தில் அவற்றைக் கரைத்து, வலிப்பு வரவைக்கப்பட்ட விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று வலிப்பைத் தடுத்தது. அடுத்ததும் தடுத்தது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத சேர்மங்களும் தடுத்தன. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது கரைப்பான் ஒன்றுதான். அதை மட்டும் தனியாகக் கொடுத்தபோது வலிப்பு நின்றது. 1963இல் முடிவு வெளியானது. 1967இல் பிரான்சில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1978இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

மூளையின் நரம்புக் கலங்கள் கட்டுமீறி மின்துடிப்புகளை அனுப்பும்போதுதான் வலிப்பு வருகிறது. வால்ப்ரோயேட் அந்தக் கலங்களின் சோடியம் வாயில்களை மந்தப்படுத்துகிறது; காபா என்ற அமைதிப்படுத்தும் சமிக்ஞைப் பொருளின் அளவையும் கூட்டுகிறது. ஒரே நேரத்தில் பல வழிகளில் வேலை செய்வதால் பலவகை வலிப்புகளுக்கும் அது உதவும். கை கால் வெட்டி விழும் வலிப்பு, கண்ணிமைக்கும் நேரம் நினைவு தப்பி வெறித்துப் பார்க்கும் வலிப்பு, காலையில் தேநீர்க் கோப்பை கையிலிருந்து துள்ளி விழும் திடீர்த் துடிப்பு என எல்லாவற்றுக்கும் அதையே எழுதலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. இலங்கையில் எத்தனையோ வீடுகளில் 'எபிலிம்' என்ற வணிகப் பெயரால் அறியப்படுவதும் இதுவே.

உறைக்குள் இருக்கும் கத்தி

சதையி இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்போடு ஒட்டிக் குறுக்காகக் கிடக்கிறது. இன்சுலின் சுரப்பது அதன் ஒரு வேலை. அதன் பெரும்பகுதியோ சமிபாட்டு நொதியங்களை உருவாக்கும் வேலையில் ஈடுபட்டிருக்கிறது. வளர்ந்தவர் ஒருவரில் அது நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கும் மேலாகச் சாறு சுரக்கிறது. மாச்சத்தை உடைக்க அமைலேஸ், கொழுப்பை உடைக்க லைப்பேஸ், புரதத்தை உடைக்கத் திரிப்சின்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சதையியும் புரதத்தாலும் கொழுப்பாலும் ஆனதுதான். இறைச்சியைக் கரைக்கும் நொதியம் தன்னை உருவாக்கிய கலத்தையும் கரைத்துவிடும். அதனால் சதையி திரிப்சினை உறைக்குள் செருகிய கத்தியைப் போல, திரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவத்தில் அனுப்புகிறது. சிறுகுடலை அடைந்த பிறகு அங்குள்ள வேறொரு நொதியம்தான் உறையைக் கழற்றும். வழியில் தவறிக் கழன்றுவிட்டால் உடனே பிடித்துச் செயலிழக்க வைக்கும் காவல் புரதமும் சதையிக்குள்ளேயே உண்டு.

இந்தக் காவல் தோற்று, நொதியங்கள் சதையிக்குள்ளேயே விழித்துக்கொண்டால் உறுப்பு தன்னைத்தானே சமிக்கத் தொடங்கும். ஹான்ஸ் கியாரி என்ற நோயியலாளர் 1896இலேயே இப்படி ஒரு விளக்கத்தை முன்வைத்தார். பரம்பரையாகச் சதையி அழற்சி வரும் குடும்பங்களில் திரிப்சினோஜன் மரபணுவே பழுதாக இருப்பதை 1996இல் கண்டுபிடித்தபோது, நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தக் கருத்துக்கு மூலக்கூறு மட்டத்தில் சான்று கிடைத்தது. வீக்கமும் கசிவும் தொடங்கினால் வலி முதுகுக்கும் பரவும், சத்தி நிற்காது, கடுமையான நிலையில் உடலின் நீர் இரத்தக் குழாய்களை விட்டு வெளியேறி, இரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகமும் சுவாசப்பையும் பாதிக்கப்படும்.

1979இன் கடிதங்கள்

அமெரிக்கா அனுமதி கொடுத்த மறு ஆண்டே, வால்ப்ரோயேட் குடித்தவர்களுக்குச் சதையி அழற்சி வந்ததாக மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வரத் தொடங்கின. கனடாவின் ஹாலிஃபக்ஸ் மருத்துவர்கள் எழுதியது லான்செட்டில் வந்தது. அமெரிக்க மருத்துவர்கள் எழுதியது பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. இரண்டும் 1979. பிறகு உலகின் பல பகுதிகளிலிருந்தும் அறிக்கைகள் சேர்ந்தன. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சதையி அழற்சியை மருந்தின் கட்டமிட்ட எச்சரிக்கையில் சேர்த்தது. பிள்ளைகளிலும் பெரியவர்களிலும் உயிராபத்தான அழற்சி வந்திருக்கிறது, சிலரில் இரத்தக் கசிவோடு வேகமாக முற்றி மரணத்தில் முடிந்திருக்கிறது என்பது அதன் சாரம்.

எவ்வளவு அரிது? மருந்துச் சிட்டையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது: மருத்துவப் பரிசோதனைகளில் பங்குபற்றிய 2416 பேரில், வேறு காரணம் சொல்லமுடியாத சதையி அழற்சி 2 பேருக்கு வந்தது. எண் சிறிதுதான். ஆனால் அதன் நடத்தை எந்தக் கணக்குக்குள்ளும் அடங்குவதில்லை. மருந்தின் அளவு கூடியதால் வருவது என்று சொல்லமுடியாது. இரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருக்கும் பிள்ளைக்கும் வரும். பல அறிக்கைகள் மருந்து தொடங்கிய முதல் ஆண்டைச் சேர்ந்தவை. ஆண்டுக்கணக்காகப் பிரச்சினையில்லாமல் குடித்த பிறகு வந்தவையும் உண்டு. நிறுத்திய மருந்தை மறுபடி தொடங்கியபோது அழற்சி திரும்பி வந்த சம்பவங்களும் பதிவாகியுள்ளன. குற்றவாளி மருந்துதான் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இதே மருந்து ஈரலுக்குச் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஈரல் செயலிழப்பு யாருக்கு வரக்கூடும் என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம். 1987இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, இரண்டு வயதுக்குட்பட்ட, ஒன்றுக்கு மேற்பட்ட வலிப்பு மருந்து குடிக்கும் பிள்ளைகளில் 500க்கு ஒருவர் ஈரல் பாதிப்பால் இறந்ததாகக் கண்டது. மற்றவர்களில் ஆபத்து அதைவிட மிகக் குறைவு. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளின் வேலைக்குத் தேவையான ஒரு மரபணுவில் குறிப்பிட்ட பழுது உள்ளவர்களுக்கு இந்த மருந்தே கூடாது என்றும் இன்று தெரியும். அதனால் வைத்தியர்கள் ஆளைப் பார்த்துத் தவிர்க்க முடிகிறது. சதையிக்கு அப்படித் தெளிவான பட்டியல் இல்லை. பல மருந்துகள் சேர்ந்து குடிக்கும் பிள்ளைகளும் மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளும் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறார்கள் என்பதுதான் கிடைக்கும் தடயம்.

ஏன் வருகிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் முன்னணியில் இருக்கின்றன. வால்ப்ரோயேட் கொழுப்பமிலம் என்பதால் உடல் அதைக் கொழுப்பைப் போலவே இழைமணிகளில் எரிக்கப் பார்க்கிறது. அப்போது உண்டாகும் சில துணைப் பொருட்கள் கலத்தின் நச்சுநீக்கியான குளூட்டத்தையோனைத் தீர்த்துவிட, கலம் நிராயுதபாணியாகிறது என்பது ஒன்று. மற்றது எலிகளில் நடந்த ஆய்விலிருந்து வந்தது. காயப்பட்ட சதையிக் கலங்கள் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப, சில மரபணுக்கள் உரிய நேரத்தில் மூடப்படவும் திறக்கப்படவும் வேண்டும். அதற்குத் தேவையான ஒரு நொதியக் குடும்பத்தை வால்ப்ரோயேட் முடக்கிவிடுகிறது. மற்றவர்களில் தானாக ஆறிவிடும் சிறு காயம் இங்கே ஆறாமல் இழுபடுகிறது. இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம்.

சொல்லத் தெரியாத வலி

நுகேகொடையில் ஹைலெவல் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் வசிக்கும் ஆறு வயதுப் பையனை மனதில் எடுத்துக்கொள்வோம். மூளை முடக்குவாதம், பேச்சு வரவில்லை. எட்டு மாதமாக வால்ப்ரோயேட் பாணி குடிக்கிறான், வலிப்பும் கட்டுப்பட்டிருக்கிறது. ஒருநாள் மத்தியானம் கஞ்சியை வாயில் வைத்ததும் முகத்தைத் திருப்புகிறான். பின்னேரம் இரண்டு தரம் சத்தி. காய்ச்சல் இல்லை, வயிற்றோட்டமும் இல்லை. மல்லாக்காகப் படுக்கவைத்தால் அழுகிறான். தூக்கி முன்பக்கம் சாய்த்துப் பிடித்தால் கொஞ்சம் அடங்குகிறான். "தம்பிக்கு வாய்வு போல" என்று அம்மம்மா சொல்கிறார்.

வயிற்றுக்குத்து என்று சொல்லத் தெரிந்த பிள்ளை இடத்தைத் தொட்டுக் காட்டும். இவனால் முடியாது. சதையி அழற்சியின் வலி மல்லாக்காகக் கிடந்தால் கூடி, முன்னே வளைந்தால் தணிவதுண்டு; அது தெரிந்தவருக்கு இவன் அழும் விதமே ஒரு தகவல். ஆனால் அதைக் கவனிக்கக்கூடியவர் நாளாந்தம் இவனைத் தூக்குபவர் மட்டுமே. ஐந்து நிமிடம் பார்க்கும் வைத்தியருக்கு அழும் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கொழும்பில் டெங்கு இன்னொரு குழப்பம். தொடர்ந்த சத்தியும் வயிற்று வலியும் டெங்குவின் எச்சரிக்கை அறிகுறிகள். டெங்குவின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. ஆகவே காய்ச்சல் இல்லாத சத்தியைப் பார்த்ததும் வைத்தியரின் மனம் அந்தப் பக்கம் போவது நியாயமே. குருதிச் சிறுதட்டுக்களை எண்ணிப் பார்த்துவிட்டு, அவை சரியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். அந்த நேரத்தில் "இவன் எபிலிம் குடிக்கிறவன், லைப்பேஸும் பார்ப்பீர்களா டொக்டர்?" என்று யாராவது கேட்டால் பாதை மாறிவிடும்.

அந்தச் சோதனைக்குச் சாதாரண இரத்த மாதிரி போதும். நோயை உறுதிப்படுத்த மூன்றில் இரண்டு வேண்டும்: பொருந்தும் வயிற்று வலி, அமைலேஸ் அல்லது லைப்பேஸ் வழமையான உச்ச அளவைவிட மூன்று மடங்காவது உயர்ந்திருத்தல், ஸ்கானில் சதையி வீங்கித் தெரிதல். அமைலேஸ் மட்டும் பார்த்தால் ஏமாறலாம். அது உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வரும். சில நாட்களில் இறங்கியும் விடும். கைக்குழந்தைகளின் சதையி முதல் மாதங்களில் அமைலேஸை மிகக் குறைவாகவே உருவாக்கும், ஆகவே அழற்சி இருந்தாலும் அளவு ஏறாமல் இருக்கலாம். லைப்பேஸ் ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்தே நிற்கும் என்பதால் பிந்தி வந்த பிள்ளையிலும் அதை நம்பலாம். வயிற்று ஸ்கானில் குடற்காற்று சதையியை மறைத்துவிடுவதுண்டு; ஒன்றும் தெரியவில்லை என்பதை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

அப்படியானால் வால்ப்ரோயேட் குடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் இந்தச் சோதனையைச் செய்தால் என்ன? பயனில்லை. நோயே இல்லாத சில பிள்ளைகளிலும் இந்த மருந்து அமைலேஸைச் சற்று ஏற்றிவைக்கிறது. அந்தச் சிறு உயர்வைக் கண்டு பயந்து மருந்தை நிறுத்தினால் தேவையில்லாமல் வலிப்பு திரும்பும். மறுபக்கம், இன்று சோதனை சரியாக இருந்த பிள்ளைக்கு அடுத்த கிழமையே அழற்சி வரலாம். வந்தால் மணிக்கணக்கில் முற்றும். ஆகவே அறிகுறி தெரிந்ததும் தாமதமின்றிச் சோதிப்பதுதான் வழி. அறிகுறியைக் கண்டு அழைத்துவருவது வீட்டார் கையில் இருக்கிறது.

இரண்டு பயங்கள்

நோய் உறுதியானால் வைத்தியசாலையில் செய்வது வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. வால்ப்ரோயேட்டை நிறுத்துவார்கள். சேலைன் கொடுப்பார்கள். வலியைத் தணிப்பார்கள். முன்பெல்லாம் நாட்கணக்கில் பட்டினி போட்டார்கள். இப்போது சத்தி அடங்கியதும் சீக்கிரமாகவே உணவைத் தொடங்குவது நல்லது என்று தெரிந்திருக்கிறது. அத்தோடு லெவெட்டிராசெட்டம் போன்ற வேறொரு வலிப்பு மருந்துக்கு மாற்றுவார்கள். நேரத்தோடு கண்டுபிடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். சிலருக்குச் சதையியைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகி வாரக்கணக்கில் கவனிக்க வேண்டிவரும். பிந்தி வந்தவர்களில்தான் உயிர் போகும் ஆபத்து கூடுகிறது.

இதை வாசிக்கும் பெற்றோர் ஒருவர் இன்றிரவே பாணிப் போத்தலை ஒதுக்கிவைக்க நினைத்தால், அது இந்த அத்தியாயம் விளைவிக்கக்கூடிய ஆகப் பெரிய தீங்கு. வலிப்பு மருந்தை வீட்டில் சட்டென நிறுத்தினால், ஒன்று முடிய முன்னரே அடுத்தது தொடங்கும் நில்லா வலிப்பு வரலாம். அதுவும் உயிரைக் குடிக்கும். சதையி அழற்சியைவிட அது நடப்பதற்கே வாய்ப்பு அதிகம். சத்தியும் வயிற்று வலியும் உள்ள பிள்ளையை அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவது வீட்டாரின் வேலை. மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் வைத்தியரின் வேலை. நுகேகொடையிலிருந்து களுபோவில கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை கிட்ட. பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

கொப்பியின் முதற்பக்கம்

மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் இலங்கையின் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமானவர். அதன் முதல் தலைவரும் அவரே. மருந்துகளை நிறுவனங்கள் வைக்கும் வணிகப் பெயரால் எழுதாமல் அவற்றின் பொதுப் பெயரால் எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. அதை அவர் வலியுறுத்தியது முதலில் விலைக்காக. ஒரே மருந்துக்கு ஒருவர் பல மடங்கு விலை கேட்பதைத் தடுக்க அதுவே வழி. நமது கதையில் அதற்கு வேறொரு பயனும் இருக்கிறது.

வால்ப்ரோயேட்டால் ஒருமுறை சதையி அழற்சி வந்த பிள்ளைக்கு அந்த மருந்து இனி எப்போதும் கூடாது. ஆனால் அது பல நிறுவனங்களால் பல பெயர்களில் விற்கப்படுகிறது. டைவால்ப்ரோயெக்ஸ் என்ற வடிவமும் அதேதான். வலிப்புக்கு மட்டுமன்றி ஒற்றைத் தலைவலிக்கும் சில மனநோய்களுக்கும் எழுதப்படுகிறது. பத்து ஆண்டு கழித்து, வளர்ந்துவிட்ட அதே பிள்ளைக்கு ஒரு புது வைத்தியர் வேறு காரணத்துக்காக வேறு பெயரில் அதை எழுதிக்கொடுக்கலாம். 'எபிலிம் ஒத்துக்காது' என்று மட்டும் ஞாபகம் வைத்திருக்கும் தாய்க்கு அந்தத் துண்டில் உள்ள பெயர் புதிதாகத்தான் தெரியும். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் 'சோடியம் வால்ப்ரோயேட் – சதையி அழற்சி வந்தது' என்று திகதியோடு எழுதியிருந்தால் வைத்தியரும் மருந்துக்கடைக்காரரும் அதைத் தாண்டிப் போகமாட்டார்கள்.

அது வந்த பிறகு எழுத வேண்டியது. வர முன்னரே எழுத வேண்டியதும் ஒன்றுண்டு. அரச வைத்தியசாலைகளில் குளிகைகள் பெரும்பாலும் பெட்டியில்லாமல் கிடைக்கும். உள்ளே மடித்து வைத்த எச்சரிக்கைத் தாள் வீட்டுக்கு வருவதில்லை. தனியார் மருந்துக்கடையில் பெட்டியோடு வாங்கினாலும் அந்தத் தாள் பொடி எழுத்து ஆங்கிலம். கிளினிக்கில் பேச்சு சிங்களத்தில் போகும். வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வந்த தமிழ்த் தாய்க்கு அதில் பாதி விளங்கும், மீதியைக் கேட்கக் கூச்சப்படுவார். கவனிப்பு முழுவதும் வீட்டை நம்பியிருக்கும் ஒரு நோயில், வீட்டுக்குத் தகவல் போய்ச்சேரும் வழி இவ்வளவு ஒடுங்கியது.

தகவல் எதிர்த்திசையிலும் போக வேண்டும். 1979இல் இரண்டு இடங்களில் சில வைத்தியர்கள் தாம் கண்டதை எழுதியிராவிட்டால் இந்த நோய்க்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் பல ஆண்டுகள் மறைந்தே இருந்திருக்கும். கர்ப்பிணிகள் குடித்த தலிடோமைட் மருந்து பிள்ளைகளை ஊனமாக்கிய துயரத்துக்குப் பிறகு 1968இல் உலக சுகாதார நிறுவனம் மருந்துகளின் பாதக விளைவுகளைச் சேகரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இலங்கையில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை அந்தப் பொறுப்பைக் கொண்டிருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது வருகிறது, எந்த வயதில், எந்தெந்த மருந்துகளோடு சேர்ந்தபோது என்பதெல்லாம் ஒவ்வொரு சம்பவமும் அறிவிக்கப்பட்டால்தான் தெரியவரும். அமெரிக்கச் சிட்டையின் 2416 பேரைக் கொண்டு நம் ஊர்ப் பிள்ளைகளின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

முதல் மருந்துத் துண்டை எழுதும் அன்றே, வைத்தியரோ தாதியோ கொப்பியின் முதற்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவிடக்கூடிய வசனங்கள் இவை: 'இந்தப் பிள்ளை சோடியம் வால்ப்ரோயேட் குடிக்கிறது. சத்தி நிற்காவிட்டால், வயிறு வலித்தால், சாப்பாட்டை மறுத்துக் காரணமில்லாமல் அழுதால், அன்றைக்கே கொண்டுவரவும், லைப்பேஸ் பார்க்கவும். மருந்தை வீட்டில் நிறுத்தவேண்டாம்.' எழுத ஒரு நிமிடம் போதும். எழுதாமல் விட்டிருந்தால், அடுத்த கிளினிக்கில் பெற்றோரே கொப்பியை நீட்டி எழுதித்தரச் சொல்லிக் கேட்கலாம்.